கடைசிப் பக்கத்தில் எஞ்சின் ஆயில்

கற்பனை பிறக்க வேண்டுமென்று மலையேறும் எழுத்தாளர்களைக் கண்டாலே, துப்பறியும் நாவல் எழுதிப் பிழைக்கும் எனக்கு இளக்காரம். கொல்லிமலையில் அப்படியொரு முகாமில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். போகிற வழியில் சேந்தமங்கலத்தில் டீ குடிக்க இறங்கினேன். பக்கத்தில் நின்ற லாரியிலிருந்து எஞ்சின் ஆயில் வாசம் வந்தது.

என் அப்பா லாரி டிரைவர். நாக்பூர் போனாலும் கல்கத்தா போனாலும், திரும்பும்போது சீட்டுக்கடியில் ஒரு துப்பறியும் நாவல் கிடக்கும். கடைசிப் பக்கங்கள் மட்டும் இருக்காது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியைத் துடைக்க, பின்னாலிருந்துதான் கிழிப்பார்.

"கொன்னது ஆருன்னு அதுலதானுங்கப்பா இருந்துச்சு!" என்று அழுவேன்.

"எவன் கொன்னா உனக்கென்ன கண்ணு? எனக்கு வண்டி ஓடோணும்."

அதனால் கொலைகாரனை நானே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. எனக்கு எழுத்து வந்தது அப்படித்தான். மலைக்காற்று வாங்கி அல்ல.

பெருமையோடு லாரிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். டிரைவர் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் இருந்தது என் நாவலின் கடைசிப் பக்கம்.

"முடிவைப் படிச்சிட்டுத்தான் கிழிச்சீங்களா?" என்றேன்.

"அதை எதுக்குங்க படிக்கோணும்? கொன்னவன் ஆருன்னு மொதப் பக்கத்துலயே தெரிஞ்சு போச்சுங்க."