நெட் கவுனில் மாமல்லபுரம்

மூன்றாம் வகுப்பில், ஆண்டு விழாவில் நான் ஆடவேண்டிய நாளில் எனக்கு அம்மை போட்டிருந்தது. ஆட்டத்துக்காக அம்மா தைத்த ரோஜா நிற நெட் கவுன், இடுப்பைச் சுற்றிக் குடைபோல விரிந்து நிற்பது, போடாமலே கிடந்தது. மறுமாதம் பள்ளியில் மாமல்லபுரச் சிற்பங்களைப் பார்க்க அழைத்துப்போனபோது, அதைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்தேன்.

"போட்டுக்கினு போகட்டும், உடு" என்றார் அப்பா.

காஞ்சிபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து, என் கவுனைப் பார்த்து மற்றப் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. ஐந்து ரதங்களுக்குப் போய்ச் சேர்ந்ததும் கல் யானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

டீச்சர் தேடி வந்தார். "இன்னாமா, இங்க வந்து நின்னுக்கினு இருக்கே?"

"எல்லாரும் சிரிக்கிறாங்க டீச்சர். நான் அன்னைக்கு ஆடவே இல்ல, அதான் இதைப் போட்டுக்கினு வந்தேன்."

அவர் சற்று யோசித்தார். பிறகு விழாவில் ஆடிய பெண்களைக் கூப்பிட்டு மணலில் வரிசையாக நிறுத்தி, நடுவில் என்னை நிற்கவைத்தார். அவரே பாடிக்கொண்டு கைதட்ட, நாங்கள் ஆடினோம். பாதியில் அடுத்தது என்ன என்று மறந்து நான் திகைத்தபோது, பஸ்ஸில் அதிகம் சிரித்தவளே என் கையைப் பிடித்துச் சுற்றிவிட்டாள். சுற்றிப் பார்க்க வந்தவர்கள்கூட நின்று கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை முதல் வேலையாக, அடுத்த ஆண்டு விழா ஆட்டத்துக்கு என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

"அதுக்கு இன்னும் பத்து மாசம் இருக்குதுமா" என்று சிரித்தார் டீச்சர். ஆனாலும் எழுதிக்கொண்டார்.