இருதயத்துக்குச் சட்டை போட்டவர்கள்

காலை ஏழரைக்குத் தொலைபேசி மணி அடித்தது. "தம்பி போயிட்டான்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து ரோசலின் சொன்னாள். சாத்தப்பன் உடனே கிளம்பினார். அவரும் அவள் தம்பி இருதயமும் ஒன்பது வருடங்களாக ஒன்றாக வாழ்ந்தவர்கள். ரோசலின் சாத்தப்பனைத் தம்பியின் கூட்டாளி என்றுதான் எல்லோரிடமும் சொல்வாள்.

இருதயம் பகலில் ரயில்வே குமாஸ்தா. மாலையில் பிரிக்பீல்ட்ஸ் மாடியறை ஒன்றில், ஆண்களை நேசிக்கும் ஆண்களுக்கு எய்ட்ஸ் எப்படி வரும், எப்படி வராது என்று விளக்குவார். ஓர் ஆய்வுக்காக, ஆணுறை போடாமல் விட்டதற்குக் காரணமும் கேட்பார்.

"போலீஸ்லகூட இவ்ளோ கேக்க மாட்டானுங்க லா, அண்ணே" என்பான் அங்கே வரும் போர்ட் கிள்ளான் லோரி ஓட்டுநர் மாணிக்கம். ஆனாலும் பதில் சொல்லிவிடுவான்.

எய்ட்ஸில் இறந்தவர் என்று தெரிந்ததும், பிணவறையில் சவப்பெட்டிக் கடை ஆட்கள் உடலைத் தொட மறுத்தார்கள். துணியில் சுற்றியபடியே பெட்டியில் வைத்துவிடலாம் என்றார்கள். ரோசலின் தம்பிக்குப் போடக் கொண்டுவந்த வெள்ளைச் சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றாள். சாத்தப்பனுக்கும் கை எழவில்லை. அது துக்கமா பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

செய்தி கேட்டு வந்திருந்த மாணிக்கம் கையுறையை மாட்டிக்கொண்டான்.

"தொட்டா வராதுன்னு எத்தனை தடவ சொன்னாரு. நாமளே பயந்தா அவரு பேச்சுக்கு என்ன மரியாத? தோள தூக்குங்கண்ணே."

சாத்தப்பன் தூக்கினார். ரோசலினும் கையுறை கேட்டு வாங்கினாள். ஊசி ஏற்றி வீங்கியிருந்த இடது மணிக்கட்டில் மட்டும் சட்டைப் பொத்தான் எட்டவில்லை. அதைப் போடாமலே பெட்டியை மூடினார்கள்.