இருபது முகக் கட்டைக்கு வைத்த நேர்த்தி

அன்றைக்கு மேசையில் இருந்தது மூன்று பேர்: மீன் தொழிற்சாலையில் எங்களை வேலை வாங்கும் இங்ரிட், எனக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டும் போலந்துக்காரன் மாரெக், நான். நோர்வேயில் தலை நரைத்தவர்கள்கூட ஞாயிறு மத்தியானம் கோப்பியை வைத்துக்கொண்டு வேறு ஆட்களாக நடித்து விளையாடுவார்கள் என்றால் ஊரில் நம்பமாட்டார்கள். கதை சொல்வது இங்ரிட். எங்கள் ஒவ்வொருவருக்கும் கடதாசியில் ஒரு ஆள் உண்டு. அவனுக்கு நடப்பதை இருபது முகம் உள்ள தாயக்கட்டை தீர்மானிக்கும். விதிப் புத்தகம் செங்கல் மாதிரி. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அதைத் திறக்கவே பயம். மந்திரத்துக்கு மட்டும் இங்ரிட் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: கற்பனை கூடாது, எங்காவது சனம் உண்மையாகவே நம்பியதாக இருக்கவேண்டும்.

அன்று மாரெக்கின் ஆள் புயலில் படகிலிருந்து விழுந்தான். இங்ரிட்டின் முன்னோர் செய்த மாதிரி மரத்துண்டில் பழைய ரூன் எழுத்தை வெட்டிப் பார்த்தான், பலிக்கவில்லை. மிச்சம் என்னுடைய உருட்டல். இருபது விழாவிட்டால் அவன் முடிந்தான். உங்கள் கடலில் என்ன மந்திரம் என்று இங்ரிட் கேட்டார். மந்திரம் இல்லை, நேர்த்தி வைப்போம் என்றேன். வையும் என்றார். கண்ணை மூடிக் கைகூப்பினேன்.

“நயினாதீவுத் தாயே, இவனைக் கரை சேர். நூற்றியொரு ரூபாய் கொண்டுவந்து உன்ரை உண்டியலிலை போடுறன்.”

இருபது விழுந்தது. மாரெக் என்னைக் கட்டிப்பிடித்தான். நேர்த்தி எவ்வளவு என்று கேட்ட இங்ரிட், என் ஆளின் பையிலிருந்து நூற்றியொரு பொற்காசைக் கழித்துவிட்டு, சரி, கொடுத்தாயிற்று என்றார். இல்லை, நான் உண்மையான அம்மாளிடம் கேட்டுவிட்டேன் என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜியனில் சொன்னேன். நன்றாக நடிக்கிறேன் என்று இருவரும் கைதட்டினார்கள்.

கேட்டது கிடைத்துவிட்டது, கட்டாமல் விடமுடியாது. நயினாதீவுக்குக் கிட்ட, புளியங்கூடலில் இருக்கும் அக்காவுக்குப் போன் எடுத்து, எனக்காக உண்டியலில் போட்டுவிடச் சொன்னேன்.

“ஆருக்கடா வருத்தம்? பிள்ளையளுக்கோ?”

“ஒருத்தருக்கும் இல்லை அக்கா. விளையாட்டிலை ஒருத்தன் கடலிலை விழுந்திட்டான்.”

“ஆர் அவன்?”

“கடதாசி ஆள்.”

நான் நாட்டை விட்டு வெளிக்கிட்ட காலத்தில், ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் என்னை வழியில் ஒரு அறையில் பூட்டிவிட்டுக் காணாமல் போனான். மாதக்கணக்காக என் சத்தமே இல்லை. அப்போது அக்கா வைத்த நேர்த்தியும் இதே சொல், இதே காசு. நான் நோர்வே சேர்ந்த செய்தி கிடைத்த மறுநாளே முதல் படகில் போய்க் கட்டினவர்.

“உனக்கு வைச்சதை உதுக்கும் வைச்சனியோ?” என்றார். பிறகு, “என்னாலை ஏலாது தம்பி. கேட்ட வாய் வந்து குடுக்கட்டும். பத்து வருசமா ஊருக்கு வர லீவு இல்லை எண்டுறாய், அதையும் அம்மாளுக்கே சொல்லு.”

நேர்த்திக்காசை மஞ்சள் துணியில் முடிந்துவைப்பது எங்கள் வழக்கம். என்னிடம் ரூபாய் இல்லை. இந்த நாட்டு ஒரு குரோணர் காசுக்கு நடுவில் ஓட்டை. ஓட்டைக் காசை அம்மாள் ஏற்பாளோ என்று பயந்து பயந்துதான் முடிந்தேன். வீட்டில் வைத்தால் மனைவி கேட்பாள் என்று, வேலையிடத்து அலுமாரியில், மீன் வாடைக்குள் தொங்கவிட்டிருக்கிறேன். கூடாது என்று தெரியும். மாரெக்கின் ஆள் போன ஞாயிறு கலியாணம் கட்டினான், நானும் கைதட்டினேன். அம்மாளுக்கு இன்னும் நூற்றியொரு ரூபாய் பாக்கி.