தோல் படாத ஒரு செருப்பு

எண்பத்து நான்காம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மாவும் நானும் கரம்பொன்னிலிருந்து நயினாதீவுக்குப் போனோம். அம்மா வைத்த ஒரு நேர்த்திக்கடன்தான் காரணம். முந்தின வருடம் ஆடிக் கலவரத்தில், தெற்கில் நாங்கள் கடை வைத்திருந்த பட்டினத்தில் எல்லாவற்றையும் எரித்துவிட்டார்கள். அகதி முகாமில் ஒன்பது நாள் அப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. "அவர் உயிரோட வந்தால் என்ரை மகள் ரெண்டு கையாலயும் பாற்குடம் ஏந்தி நயினாதீவு அம்மாளின்ரை கோவில் வீதியைச் சுற்றுவாள்" என்று அம்மா அங்கேயிருந்து நேர்ந்தார். பத்தாம் நாள் அப்பா வந்தார். பிறகு கப்பலேறி ஊருக்கு வந்து சேர்ந்தோம்.

என் காலைப் பற்றிச் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்ததால் இடது கால் ஒன்றரை அங்குலம் கட்டை. அடி உயர்த்திய தோற்செருப்பைப் போட்டால் ஓரளவு நேராக நடப்பேன். வெறுங்காலோடு என்றால் இடது கையால் தொடையை ஊன்றிக்கொண்டுதான் ஒவ்வோர் அடியும்.

ஊர்காவற்றுறையிலிருந்து நயினாதீவுப் பக்கம் போகும் பஸ் கரம்பொன் வழியாகத்தான் போகிறது. ஆனாலும் பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறி இருக்க ஓர் இடம் பிடிக்கலாம் என்று காலை 6.20க்கு எதிர்த்திசையில் பஸ் ஏறி, இரண்டு மைல் தள்ளி ஊர்காவற்றுறையில் இறங்கினோம். இறங்கும்போதே செருப்பின் உயர்த்திய அடி பிளந்து கழன்று போயிற்று. வாய்விட்டே திட்டினேன், அம்மா காதில் விழாததுபோல் நின்றார்.

துறையடிக்குக் கிட்ட பிலிப்பு அண்ணை என்று ஒருவர் சப்பாத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், பேச்சுக் குறைவு. அம்மா செருப்பை அவர் கையில் கொடுக்கவில்லை, நிலத்தில் வைத்தார். சப்பாத்துத் தைக்கிறவர் கையில் எங்கள் சாதி ஆட்கள் நேரே கொடுக்கமாட்டார்கள். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

"கெதியா ஒட்டித் தாரும். நயினாதீவுக்குப் போறம், நேர்த்தி" என்றார் அம்மா. பாற்குடக் கதையையும் சொன்னார்.

அவர் குத்தூசியை நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தார். "கோவிலுக்குள்ள இதோட போக ஏலாதே. வெறுங்காலோட பிள்ளை ரெண்டு கையாலயும் எப்பிடிக் குடம் பிடிக்கிறது?"

அப்பா வரவேண்டும் என்ற பதைப்பில் நேர்ந்த அம்மாவுக்கு, கோவில் வாசலில் செருப்பைக் கழற்றவேண்டும் என்பது ஞாபகம் வரவேயில்லை. ஒரு வருடமாக எனக்கும் வரவில்லை. வீட்டில் அம்மாவும் நானும் அப்பாவைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டதோடு சரி. சொன்ன வாக்கை மாற்றினால் அவருக்கு ஏதும் வந்துவிடுமோ என்று அம்மா அங்கேயே அழத் தொடங்கிவிட்டார்.

பிலிப்பு அண்ணை எழுந்து போய், வலைக்காரரிடம் மிதப்புக்கு வைக்கிற முருக்கங்கட்டை ஒன்று வாங்கிவந்தார். பஞ்சுபோல் பாரமில்லாத மரம். தன் கத்தியை அவர் தொடவில்லை. "அது தோல் வெட்டினது, கோவிலுக்கு ஆகாது" என்று சொல்லி, பக்கத்துத் தச்சரிடம் ஒரு கத்தி இரவல் வாங்கினார். என் பாதத்தைக் கடதாசியில் வரைந்து, செதுக்கி, என்னை நிற்கவைத்துப் பார்த்து, மறுபடி செதுக்கினார். ஐந்து தடவை நின்றிருப்பேன். கட்டுவதற்கு அம்மா கோவிலுக்கென்று கொண்டுவந்த புதுவேட்டியில் ஒரு நாடா கிழித்துக் கொடுத்தார். ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. செருப்பு ஒட்டியதற்கு ஐந்து ரூபா வாங்கினார், கட்டைக்கு வாங்கவில்லை.

"தோல் துண்டும் இல்லை, தோலில காய்ச்சின பசையும் இல்லை. ஆனால் விடுவினமோ தெரியாது. கேட்டுப் பாருங்கோ" என்றார்.

8.30 பஸ். வேலணையில் மாறி, குறிகட்டுவான் துறையில் இறங்கப் பத்து மணி. படகு இருபது நிமிடம், ஆளுக்கு மூன்று ரூபா.

கோவிலில் ஐயர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோல் இல்லைத்தானே?"

"இல்லை ஐயா. செய்தவர் தோல் வெட்டின கத்தியைக்கூடத் தொடேல்லை" என்றார் அம்மா.

"அவ்வளவு பாத்துச் செய்திருக்கிறார். கழுவிப்போட்டுக் கட்டிக்கொண்டு வாங்கோ."

இரண்டு கையிலும் குடத்தோடு வீதி சுற்றினேன். கடைசி மூலையில் கால் கொஞ்சம் சரிந்து பால் சிந்தியது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. அம்மா பின்னால் வந்துகொண்டே அழுதார், இது வேறு அழுகை.

திரும்பும்போது கரம்பொன்னில் இறங்காமல் ஊர்காவற்றுறைவரை போனோம். மாலை ஐந்தரை. அம்மா கட்டையைப் பிலிப்பு அண்ணையின் கையிலேயே கொடுத்தார். அவர் கோவிலைப் பற்றிக் கேட்கவில்லை. அடியைத் திருப்பி மணல் உரசிய இடத்தைப் பார்த்தார்.

"பால் சிந்தினதோ, பிள்ளை?"

"ஓம், கொஞ்சம். கடைசி மூலையில."

"இந்தப் பக்கம் ஒரு நூல் உயரம். என்ரை பிழை." தச்சரின் கத்தி இன்னும் அவரிடம்தான் இருந்தது.

"விடுங்கோ அண்ணை, நேர்த்தி முடிஞ்சுது" என்றார் அம்மா.

"நேர்த்திதானே அக்கா முடிஞ்சுது. பிள்ளை இன்னும் எத்தினை கோவிலுக்குப் போகவேணும்" என்று சொல்லிக்கொண்டே சீவினார்.

என்னைப்போன்ற காலோடு பயணம் போகிறவர்களுக்கு: மரக்கட்டை ஒன்றைத் துணிப்பையில் தனியாக வைத்திருங்கள், படகில் நனையவிடாதீர்கள், ஆனி மணலில் மதியத்துக்கு முன் நடந்துவிடுங்கள். கோவிலில் முதலே கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து நேரே போகிறவர்களுக்கு ஊர்காவற்றுறை வழியில் வராது. பிலிப்பு அண்ணைக்கு என்ன ஆயிற்றென்று பிறகு அறிய முடியவில்லை. இந்தப் பதிவு அவருக்கான நன்றி.

ஐந்து வருடம் கழித்து எனக்குக் கலியாணம். மணவறையை அந்தக் கட்டையோடுதான் சுற்றினேன். வலது கையை மாப்பிள்ளை பிடித்திருந்தார். இடது கை ஒரு வேலையும் இல்லாமல் சும்மா தொங்கிக்கொண்டு வந்தது.