எழுத்தை நேராக்கிய ஃப்ளெக்ஸ்

தேவகி போய்விட்டாள். நெஞ்சுவலி... பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

பழவேற்காட்டில், அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு இதை டைப் செய்கிறேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

பொன்னேரியில் ஒரே பிரஸ்ஸில் வேலை பார்த்தோம், கல்யாணப் பத்திரிகைதான் முக்கால்வாசி. சாப்பாட்டு நேரத்தில் அவள் மட்டும் உடைந்த படகுப் பலகையும் உளியுமாக உட்கார்ந்து படம் செதுக்கி, மை தடவித் தாளில் அடிப்பாள்.

மையை அவளே கலக்குவாள். விளக்குக்கரி, படகுக்குப் பூசுகிற மீன் எண்ணெய்... எங்களுக்குச் சோறு இறங்காது.

"நாறட்டும். ஏரிக்கரையில செத்தவனுக்கு ரோஜாப்பூ வாசனையா வரும்?" என்பாள்.

செதுக்கியதெல்லாம் இங்கிருக்கும் டச்சுக்காரர் கல்லறைகளை. எலும்புக்கூடு, மண்டையோடு, சுற்றிலும் எழுத்து.

பலகையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். அச்சுத் தொழிலில் இது பாலபாடம். இவள் கல்லில் இருந்தபடியே செதுக்கிவிட்டாள், தாளில் எல்லாம் திரும்பி விழுந்தது. விழுந்து விழுந்து சிரித்தோம்.

"மேல நிக்கிற உனக்குத்தான் அது நேரா தெரியும். அடியில படுத்துனுகீறானே, அவனுக்கு இப்டித்தான தெரியும்? அவனுக்குத்தான் அடிச்சேன்."



ஒருமுறை சென்னையிலிருந்து கண்காட்சி நடத்துகிறவர்கள் வந்தார்கள். போனில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எழுத்தை நேராக்கி, நாற்றமில்லாத மையில் அடித்துத் தாருங்கள், மாட்டுகிறோம் என்றார்கள்.

"அதுக்கு நான் இன்னாத்துக்கு? கல்லயே போட்டோ புடிச்சி மாட்டிக்கங்க" என்று அனுப்பிவிட்டாள். ஒரு கண்காட்சிகூடப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாள்.

இன்று அதே ஆட்கள் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அனுப்பியிருக்கிறார்கள். அவள் முகம், பக்கத்தில் அன்று போட்டோ எடுத்த அச்சு... கம்ப்யூட்டரில் திருப்பி, எழுத்தையெல்லாம் நேராக்கி. "எங்கள் கலைஞர்" என்று வேறு. தூ. வெட்கம் கெட்ட ஜென்மங்கள்.

பக்கத்தில் நின்றவரிடம் வலை அறுக்கும் கத்தியை வாங்கிக்கொண்டு, வாசலில் ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்த கயிற்றுக்குப் பக்கத்தில் போனேன். அவள் தம்பி கையைப் பிடித்துக்கொண்டான்.

"வுடுண்ணா. எங்கக்கா போட்டத இத்தினி பெருசா எவன் இதுவரிக்கும் மாட்னான்? இன்னிக்காவது இருக்கட்டும்."

கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்றுதான் உன்னைத் தூக்கப் போகிறோம் தேவகி.

யாரையும் மன்னிக்காதே. போய்வா.