மாமா பெரிதாக்கிய சமையலறை

அக்கா புருஷனைப் பற்றி நான் நல்லதாக எழுதினால் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

கேமராவை வைத்தே பிழைப்பது என்று மாமா முடிவெடுத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. முதலில் பறவைகளைப் படமெடுத்து, படம் விற்கும் இணையதளங்களில் ஏற்றினார். ஒரு வருஷத்தில் விற்றது ஒரே ஒரு படம். அதிலும் பறவை இல்லை, அது பறந்துபோன பின் மிச்சமிருந்த கிளைதான். அடுத்து குழந்தைகள். மாமாவின் மீசையைக் கண்டதும் அத்தனை குழந்தைகளும் வீறிட்டு அழுதன. அப்புறம் ஆன்லைனில் செருப்பு விற்கும் ஒருவருக்காக இருநூறு செருப்புகளை எடுத்துக் கொடுத்தார். எல்லாமே இடது கால்.

கடைசியில் கைகொடுத்தது வீடுதான். விற்கிற வீடோ, வாடகை வீடோ, விளம்பரப் படம் என்றால் புரோக்கர் மாமாவைத்தான் கூப்பிடுவார். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையில் மாமா கெட்டிக்காரர். வாளி, துடைப்பம், குப்பைக்கூடை எல்லாவற்றையும் வெளியே கடத்திவிட்டு, இருக்கிற விளக்கையெல்லாம் போடுவார். மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, கேமராவை இடுப்பு உயரத்தில் பிடித்து, வைட் லென்ஸில் ஒரு தட்டு. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய அறை, படத்தில் பந்து விளையாடும் அளவுக்கு விரிந்து கிடக்கும்.

அக்கா மட்டும் அந்தப் படங்களை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. மாமா ஆசையாக நீட்டினால், "நல்லாத்தான் இருக்கு, தள்ளி வைங்க, சாப்பாடு ஆறுது" என்பாள். மாமாவுக்கு அது பெரிய குறை. வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த வருஷம் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அக்கா போனில் வீடு தேட ஆரம்பித்தாள். ஒரு மத்தியானம் போனை மாமாவின் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"இந்தச் சமையலறையைப் பாருங்க. என்ன வெளிச்சம், என்ன இடம். எடுத்தவன் ரசனைக்காரன். நீங்களும் கொஞ்சம் கத்துக்கோங்க."

மாமா பார்த்தார். போன மாதம் அவரே எடுத்த படம்.

அதைச் சொல்லவில்லை மனிதர். "எடுத்தவனைப் பத்தி என்னமோ சொன்னியே?" என்று கேட்டார். அக்கா மறுபடி சொன்னாள். காபி குடிக்கும்போது இன்னொரு தரம் கேட்டார். பொறாமையில் கேட்கிறார் என்று நான் நினைத்தேன்.

சாயங்காலம் அக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அந்த வீட்டுக்கு ஏகப்பட்ட போட்டியாம். நேரில் பார்க்காமலே, மறுநாள் காலையில் முன்பணம் தருவதாகப் புரோக்கரிடம் சொல்லிவிட்டாளாம். கொடுத்தால் திரும்பி வராது. மாமா உண்மையைச் சொன்னால், பன்னிரண்டு வருஷம் தவம் கிடந்து வாங்கிய பாராட்டு போய்விடும். சொல்லாவிட்டால், அக்கா அந்தப் பொந்தில் நின்று வருஷக்கணக்கில் சமைக்க வேண்டும்.

காலையில் செருப்பு மாட்டும்போது சொல்லிவிட்டார். "அது நான் எடுத்த படம்மா. அங்க நின்னு ரெண்டு கையையும் நீட்ட முடியாது."

அக்கா பணம் கொடுக்கும் முன் வீட்டைக் காட்டச் சொல்லிப் புரோக்கருக்குப் போன் போட்டாள். மூவரும் போனோம். சமையலறைக்குள் அக்கா நுழைந்ததும் மாமாவுக்கு இடமில்லை. வாசலில் நின்ற அவர் தோளுக்கு மேலாக நான் எட்டிப் பார்த்தேன். அக்கா போனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள்.

"இதையா இப்படி எடுத்தீங்க?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"எங்க நின்னு எடுத்தீங்க?"

அவர் மூலையைக் கைகாட்டினார். அக்கா அங்கே போய், முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, இடுப்பு உயரத்துக்குக் குனிந்து அறையைப் பார்த்தாள். வெகுநேரம் அப்படியே பார்த்தாள்.

"என்னம்மா, முடிச்சிடலாமா?" என்றார் புரோக்கர், பின்னாலிருந்து.

"வீடு வேண்டாங்க," என்றாள் அக்கா, குனிந்தபடியே. "இவர் எடுத்த மத்த படமெல்லாம் உங்ககிட்ட இருக்குமே, அதைக் காட்டுங்க."