சாம்பிராணி போட்ட கம்ப்யூட்டர்

எண்பதுகளில் எங்கள் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அந்த ஏசி அறைக்குள் நுழைய வேண்டும். பரீட்சை ரிசல்ட்டுக்கும் அதுதான், சம்பளப் பட்டியலுக்கும் அதுதான். மிச்சம் மீதி நேரம் ஆராய்ச்சிக்கு.

நான் கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டுகிறவரின் மகள். கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும் ஊர். அதனாலோ என்னவோ, பாதி வேலையில் கரண்ட் போனாலும் டிஸ்க்கில் உள்ள கோப்புகள் கெடாமல் காப்பாற்றும் மென்பொருளையே என் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டேன். மூன்று வருட உழைப்பும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. நகல் எடுத்து வைக்க ஒரு டேப் கேட்டேன்.

"ரிசல்ட்டுக்கே டேப் பத்தலம்மா" என்றார் என் பேராசிரியர்.

ஆயுத பூஜை வந்தது. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று. சாம்பிராணித் தட்டைப் பார்த்ததும் பேராசிரியரிடம் ஓடினேன்.

"சார், டிஸ்க்கை நிறுத்திட்டாவது புகை போடுங்க. தூசி உள்ள போனா அவ்வளவுதான்."

"பதிவாளர் வர்றார்மா. மெஷின்ல விளக்கெல்லாம் மினுங்கினாத்தானே பார்க்க அழகு? சாமி காரியத்துல என்ன ஆயிடப் போகுது?"

ஆயிற்று. மெஷினின் விசிறி புகையை அப்படியே உள்ளே இழுத்தது. கிறீச்சென்று ஒரு சத்தம். டிஸ்க்கில் சுழலும் தகட்டை, அதைப் படிக்கும் முனை சுரண்டிக்கொண்டே போனது. பதிவாளர் அதையும் பூஜையில் சேர்த்தி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ரிசல்ட் டேப்பில் பத்திரமாக இருந்தது. என்னுடையது போயே போய்விட்டது. "மறுபடி எழுதும்மா, ரெண்டு வருஷம் என்ன பெரிசு?" என்றார் பேராசிரியர். உதவித்தொகை அந்த வருடத்தோடு முடிகிறது என்று அவருக்கும் தெரியும்.

வீட்டில் போய்ச் சொன்னேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொகைக்கா கெட்டுப்போச்சு? மாட்டுக் கொட்டாய்ல தெனம் பொகை போட்டுக்கினுதான் கீறோம், மாடு நல்லாத்தானே கீது! பெயிலாயிட்டு வந்து இன்னாம்மா கதை வுடற?"

பேராசிரியரிடம் திரும்பிப் போய், என் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் சார் என்று அழுதேன். "வெளியில தெரிஞ்சா டிபார்ட்மென்ட் மானம் போயிடும்மா" என்று எழுந்து போய்விட்டார். சங்கராபுரத்தில் கணக்கு டீச்சரானேன். மகள் பெயிலாகிவிட்டுப் பொய் சொன்னாள் என்று நம்பியபடியே அப்பா செத்துப் போனார்.

போன வருடம் துறையின் வரலாற்றைக் கொண்டாட விழா வைத்து, பழைய மாணவர்களை எல்லாம் கூப்பிட்டார்கள். போயிருக்கக் கூடாது, போனேன். பேராசிரியர் மேடை ஏறி, கம்ப்யூட்டருக்குச் சாம்பிராணி போட்ட கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். யாருடைய உழைப்பு அழிந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. புகைக்குக் கம்ப்யூட்டர் கெடுமா என்று ஒருத்தராவது சந்தேகப்பட வேண்டுமே!

அடப்பாவி மனுஷா, இதை என் அப்பா உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்கக் கூடாதா?